கரிமூட்டப் புகையில் என்னென்ன இருக்கிறது, அதில் எது காசாகும்?

ராமநாதபுரம் பக்கம் வேலிக்கருவை வெட்டி, அடுக்கி மண்ணால் மூடி மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் ஒருவர் இங்கே கேட்டிருக்கிறார்: விறகைக் காற்றுப்படாமல் சூடாக்கினால் மெத்தனால், அசிட்டிக் அமிலம், டீசல் மாதிரி ஓர் எண்ணெய் எல்லாம் கிடைக்கும் என்கிறார்களே, அப்படியானால் நாங்கள் புகையாக விட்டுக்கொண்டிருப்பது அத்தனையும் பணமா, ஒரு செட்டப் போட்டுப் பிடித்தால் விற்க முடியுமா என்று. இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. அந்தப் பொருள்கள் புகையில் இருக்கின்றனவா என்பது ஒன்று, இருப்பதைப் பிரித்து எடுத்து ஒரு சிறு தொழிலாக நடத்த முடியுமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஆமாம், துளியும் சந்தேகம் வேண்டாம். இரண்டாவதற்குப் பதில் பொருளுக்குப் பொருள் மாறும், பெரும்பாலானவற்றுக்கு முடியாது என்பதுதான் என் கருத்து. நான் வேதிப் பொறியியல் படித்தவன், சிரட்டைக் கரி ஆலைகளிலும் அப்புறம் மரக்கழிவைப் பைராலிசிஸ் செய்யும், அதாவது காற்றில்லாமல் சூடாக்கிச் சிதைக்கும், ரிடார்ட் என்ற மூடிய உலைகளிலும் பல வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். பயிரும் மருந்தும் என் துறை இல்லை, அந்த இடங்கள் வரும்போது அதற்கேற்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மூட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் எந்தப் பொருள் எவ்வளவு வரும் என்பது அதில்தான் இருக்கிறது. விறகு என்பது ஒரே பொருள் இல்லை. எடையில் ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் செல்லுலோஸ், 20 முதல் 30 சதவீதம் ஹெமிசெல்லுலோஸ், அதே அளவு லிக்னின். காற்று இருந்தால் இவை எரிந்து கார்பன் டைஆக்சைடும் நீராவியும் ஆகிவிடும். காற்றை அடைத்துவிட்டுச் சூடு மட்டும் கொடுத்தால் எரிய வழியில்லை, பெரிய மூலக்கூறுகள் உடைந்து சின்னச் சின்னதாக ஆவியாகிப் போகின்றன, போகாமல் தங்குவது கரி. 100 டிகிரியைத் தாண்டும்போது ஈரம் போகிறது, அப்போது வருவது வெறும் வெள்ளை ஆவி. சுமார் 220 டிகிரியில் ஹெமிசெல்லுலோஸ் உடையத் தொடங்கி 315 வாக்கில் முடிகிறது, அதற்கு மேல் 400 வரை செல்லுலோஸ். லிக்னின் மட்டும் அவசரப்படாது, 200க்குக் கீழேயே மெல்ல ஆரம்பித்து 700, 800 வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்துகொண்டே இருக்கும், அதனால்தான் கரியின் பெரும்பகுதி லிக்னினில் இருந்து வருகிறது. 280 டிகிரி அளவில் இன்னொன்று நடக்கும். அதுவரை நாம்தான் சூடு கொடுத்தாக வேண்டும், அதன்பிறகு சிதைவே சூட்டை வெளியிட ஆரம்பிக்கும், உலை தானாக ஏறும். மூட்டம் போடுகிறவர்களுக்கு இது கண்ணால் தெரியும்: வெள்ளையாக வந்த புகை மஞ்சளாகிக் கண்ணைக் கரிக்க ஆரம்பிக்கும் கட்டம் அது. கடைசியில் மெல்லிய நீலப்புகை வந்தால் வேகல் முடிந்தது என்று மூட்டத்தை அடைப்பீர்கள். நீங்கள் கேட்கும் ரசாயனங்களில் முக்கால்வாசி அந்த மஞ்சள் புகைக் கட்டத்தில்தான் வெளியே போகின்றன.

அசிட்டிக் அமிலம் பெரும்பாலும் ஹெமிசெல்லுலோஸில் ஒட்டியிருக்கும் அசிட்டைல் தொகுதிகளில் இருந்து வருகிறது. மெத்தனால் பெரும்பாலும் லிக்னினில் உள்ள மெத்தாக்சி தொகுதிகளில் இருந்து. பைன் போன்ற ஊசியிலை மரங்களைவிட அகன்ற இலை கொண்ட கடின மரங்களில் அசிட்டைல் தொகுதிகள் கூடுதல், கருவை கடின மரம் என்பதால் அந்த வகையில் உங்களுக்குச் சாதகம். மர வாலைவடிப்பு, அதாவது விறகை மூடிய கலத்தில் சூடாக்கி ஆவியைக் குளிரவைத்துப் பிடிப்பது, ஒரு பெருந்தொழிலாக நடந்த காலத்துக் கணக்குப்படி, காய்ந்த கடின விறகின் எடையில் 5 சதவீதம் அளவுக்கு அசிட்டிக் அமிலமும், 1.5 முதல் 2 சதவீதம் மெத்தனாலும், 8 முதல் 10 சதவீதம் தாரும் கிடைக்கும். இது மூடிய இரும்பு ரிடார்ட்டில், ஆவி முழுவதையும் குளிரவைத்துப் பிடித்தால். மண் மூட்டத்தில் ஆவியின் ஒரு பகுதி உள்ளேயே எரிந்துவிடுகிறது, இன்னொரு பகுதி மண்ணில் படிகிறது, ஆகவே அந்த அளவு வராது.

சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வெட்டி உலர்த்திய 1 டன் விறகில் 20 சதவீதம் ஈரம் என்றால் உலர் எடை 800 கிலோ. அதில் இருந்து நல்ல ரிடார்ட்டில் 240 கிலோ கரி, 40 கிலோ அசிட்டிக் அமிலம், 12 முதல் 16 கிலோ மெத்தனால், 70 கிலோ போல தார், மீதி எரிவாயுவும் தண்ணீரும். 40 கிலோ அமிலம் என்று கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூடவே வரும் தண்ணீரைப் பாருங்கள். விறகின் ஈரம் 200 கிலோ, அதுபோக மரம் சிதையும்போதே புதிதாக உண்டாகும் தண்ணீர் இன்னொரு 150 முதல் 200 கிலோ. ஆக உங்கள் கைக்கு வருவது அசிட்டிக் அமிலம் இல்லை. 10 சதவீதம் அமிலமும் 3, 4 சதவீதம் மெத்தனாலும் கொஞ்சம் அசிட்டோனும் ஃபார்மிக் அமிலமும் ஃபர்ஃபுராலும் ஃபீனால்களும் இன்னும் பெயர் சொல்லி மாளாத நூற்றுக்கணக்கான பொருள்களும் கரைந்த, தார் மிதக்கும் ஒரு கருப்புத் தண்ணீர். இதில் இருந்து சுத்தமான அமிலம் எடுப்பதுதான் மலை. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது, அசிட்டிக் அமிலம் 118இல். 18 டிகிரி இடைவெளி போதும்போலத் தோன்றும், போதாது. தண்ணீர் மிகுந்த கலவையில் இரண்டும் கிட்டத்தட்ட சேர்ந்தே ஆவியாகும், அதுவும் கொதிநிலை குறைந்தது தண்ணீர் என்பதால் 40 கிலோவைப் பெற 400 கிலோ தண்ணீரை ஆவியாக்கி மேலே அனுப்ப வேண்டும், அதையும் ஒருமுறை செய்தால் ஆகாது. எரிபொருளுக்கே காசு போய்விடும். பெரிய ஆலைகள் வேறொரு கரைப்பானால் அமிலத்தை உறிஞ்சி எடுத்துச் சமாளித்தன, அது 10 டன் 20 டன் விறகு எரிக்கும் இடத்தில் வைக்கிற சாமான் இல்லை.

அப்படியானால் அந்தக் காலத்தில் எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள், நியாயமான கேள்விதான். 1661இல் விஞ்ஞானி ராபர்ட் பாயில் பாக்ஸ் என்ற மரத்தை வாலையில் இட்டு வடித்தபோதே மெத்தனாலைப் பிரித்துப் பார்த்துவிட்டார். 19ஆம் நூற்றாண்டு முழுக்க உலகத்துக்கு மெத்தனால் கிடைத்த வழி இது ஒன்றுதான். அமிலத்தை அவர்கள் நேராகப் பிரிக்கவில்லை. அந்த அமிலத் தண்ணீரில் சுண்ணாம்பைப் போட்டால் அமிலம் கால்சியம் அசிடேட் உப்பாக மாறிவிடும், உப்பு ஆவியாகாது, ஆகவே எளிதில் ஆவியாகும் மெத்தனாலை முதலில் வடித்து எடுத்துக்கொண்டு பிறகு தண்ணீரை வற்றவைத்தால் சாம்பல்நிறத்தில் ஒரு தூள் மிஞ்சும். அந்தத் தூளைக் கந்தக அமிலத்தோடு சேர்த்தால் அசிட்டிக் அமிலம், வறட்டுச் சூட்டில் சிதைத்தால் அசிட்டோன். பிரிட்டிஷ்காரர்களின் கார்டைட் வெடிமருந்துக்கு அசிட்டோன்தான் கரைப்பான். மேலே சொன்ன கணக்கை வைத்துப் பார்த்தால் 1 டன் அசிட்டோனுக்கு ஒரு துளிகூட வீணாகாமல் வேலை நடந்தாலே 50 டன்னுக்கு மேல் விறகு வேண்டும். முதல் உலகப்போரில் அவ்வளவு விறகுக்கு வழியில்லாமல் போனதால்தான் வேதியியலாளர் கைம் வைஸ்மன் கண்டுபிடித்த, மாவுச்சத்தைப் பாக்டீரியா கொண்டு புளிக்கவைக்கும் முறைக்குப் போனார்கள்.

நம் பக்கத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. கர்நாடகத்தில் பத்ராவதி இரும்பாலை 1923இல் ஓட ஆரம்பித்தபோது அதன் ஊதுலைக்கு நிலக்கரி இல்லை, மரக்கரிதான். மலைநாட்டுக் காட்டு விறகை ரிடார்ட்டில் வடித்து, கரியை உலைக்கு அனுப்பிவிட்டு, புகையில் இருந்து கால்சியம் அசிடேட், மெத்தனால், தார் மூன்றையும் எடுத்து விற்றார்கள், பொறியாளர் விஸ்வேஸ்வரய்யா அந்த ஆலையின் நிர்வாகத்தில் நேரடியாக இருந்த காலம் அது. அமெரிக்காவில் ஃபோர்டு கார் கம்பெனியும் இதே 1920களில் மிச்சிகன் மாநிலத்தின் அயர்ன் மவுன்டனில் கார்களுக்கு அறுத்த பலகையின் கழிவைக் கொண்டு இப்படி ஓர் ஆலை நடத்தி, கரித்தூளை வில்லைகளாக அழுத்தி விற்றது. இந்த இரண்டிலும் கவனிக்க வேண்டியது, கரிக்கோ கழிவுக்கோ ஏற்கெனவே ஒரு பெரிய தேவை இருந்தது, ரசாயனம் அதன் முதுகில் ஏறி வந்தது. பத்ராவதி தொடங்கிய அதே 1923இல் ஜெர்மனியில் பி.ஏ.எஸ்.எஃப் நிறுவனம் லாய்னாவில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் அழுத்தத்தில் சேர்த்து மெத்தனால் செய்ய ஆரம்பித்துவிட்டது. விறகு மெத்தனாலுக்கு விலை அன்றே விழுந்தது. பிற்பாடு அந்தச் செயற்கை மெத்தனாலில் இருந்தே அசிட்டிக் அமிலமும் செய்யக் கற்றுக்கொண்டார்கள், இன்று உலகில் பெரும்பகுதி அப்படித்தான் வருகிறது. அந்த விலையோடு மூட்டப் புகை போட்டி போட முடியாது. இதை நான் கருத்தாகச் சொல்லவில்லை, எண்களே சொல்கின்றன.

மெத்தனால் பற்றித் தனியாக, கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டுப் பின்புறம் ஒரு டிரம்மையும் செம்புக் குழாயையும் வைத்து மர மெத்தனால் வடிக்கலாம் என்று காட்டும் வீடியோக்களைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். கொஞ்சமாகக் குடித்தாலே கண் போகும், இன்னும் கொஞ்சம் போனால் உயிர் போகும். தோலில் பட்டும் உள்ளே போகும், ஆவியைச் சுவாசித்தும் போகும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால்தான். நீங்கள் நல்ல எண்ணத்தோடு வடித்து வைத்தாலும் கேனில் இருப்பது வாசனையில் சாராயம் போலிருக்கும், வேலைக்கு வரும் யாரோ ஒருவர் வாயில் வைத்தால் முடிந்தது. தமிழ்நாட்டில் மெத்தனாலை வைத்திருக்க, விற்க, எடுத்துச்செல்ல உரிமம் வேண்டும், உரிமம் இல்லாமல் பிடிபட்டால் யாரும் விளக்கம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். 1 டன் விறகுக்கு 12 கிலோ கிடைக்கும் ஒரு பொருளுக்காக இந்த ஆபத்தில் இறங்கவே வேண்டாம்.

அடுத்து தார். வேதியியலாக எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. வேதியியலாளர் கார்ல் வான் ரைஷன்பாக், இன்று செக் குடியரசில் இருக்கும் மொராவியாவில் பீச் மரத் தாரைத் துருவித் துருவி ஆராய்ந்து 1830இல் பாரஃபினையும் 1832இல் கிரியோசோட்டையும் கண்டுபிடித்தார். மரக் கிரியோசோட் என்பது குவயக்கால், கிரியோசால், கிரெசால் போன்ற ஃபீனால் வகைகளின் கலவை. ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளுக்குப் பூசுவது நிலக்கரித் தாரின் கிரியோசோட், பெயர் ஒன்றானாலும் சரக்கு வேறு. ஜப்பானில் இன்றும் கடைகளில் விற்கும் செய்ரோகன் என்ற வயிற்றுப்போக்கு மாத்திரையில் மரக் கிரியோசோட்தான் மருந்து. நாம் குடிக்கும் பல இருமல் மருந்துகளில் உள்ள குவைஃபெனசின் குவயக்காலில் இருந்து செய்வது, ஆனால் அந்தக் குவயக்கால் இப்போது பெட்ரோலிய வழியில் வருகிறது, மரத்தாரில் இருந்து இல்லை. ஸ்வீடனிலும் ஃபின்லாந்திலும் பைன் மர வேர்க்கட்டைகளைக் குழியில் வேகவைத்து வடித்த தார்தான் பாய்மரக் கப்பல்களின் கயிற்றுக்கும் பலகைக்கும் ஐரோப்பா முழுக்கப் போனது, குதிரைக் குளம்புக்குப் பூச இன்றும் வாங்குகிறார்கள்.

நம்மிடமும் இது இருக்கிறது. சித்த மருத்துவத்தில் குழித்தைலம் என்று ஒரு முறை உண்டு: அடியில் துளையிட்ட பானையில் சரக்கை நிரப்பி வாயை மூடி, துணியும் களிமண்ணும் சுற்றி அடைத்துச் சீலைமண் செய்து, குழிக்குள் வைத்த இன்னொரு கலத்தின் மேல் அதைப் பொருத்தி, பானையைச் சுற்றிலும் வறட்டி அடுக்கிப் புடம் போடுவார்கள். மேலே சூடு, கீழே குளிர்ச்சி, ஆவி கீழ்நோக்கி இறங்கித் தைலமாகச் சொட்டும். ரிடார்ட், ஆவியைக் குளிரவைக்கும் கண்டென்சர் இரண்டும் அந்த இரண்டு மண்பானைக்குள் அடங்கிவிடுகின்றன, வடிவமைத்தவர்கள் யாரென்று தெரியாது, ஆனால் ஆவி எரியாமல் இருக்க அதைக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும் என்று கண்டவர்களுக்கு இந்தச் செயல்முறை முழுதாகப் புரிந்திருக்கிறது. சிரட்டையை இப்படி வடித்து எடுக்கும் சிரட்டைத் தைலத்தைப் படர்தாமரைக்குப் போடுகிறார்கள். சிரட்டையில் லிக்னின் அதிகம், ஆகவே அந்தத் தைலத்தில் ஃபீனால்கள் நிறைய இருக்கும், ஃபீனால்கள் பூஞ்சையைக் கொல்லும், இதுவரை எனக்கு உறுதி. எந்த அளவில் போடலாம், யாருக்கு ஆகாது என்பதெல்லாம் மருத்துவர் சொல்ல வேண்டியது. நான் சேர்த்துச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: மரத்தார் எதிலும், குறிப்பாக மிகுந்த சூட்டில் எடுத்ததில், பென்சோபைரீன் போன்ற புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் இருக்கும். உங்கள் மூட்டத்தில் வழியும் தாரைக் கையால் தொட்டுப் புழங்காதீர்கள், புண்ணுக்கு மருந்து என்று யாருக்கும் கொடுக்காதீர்கள்.

டீசல் மாதிரி எண்ணெய் விஷயத்துக்கு வருவோம், குழப்பம் அதிகம் இங்கேதான். பழைய டயரையும் பிளாஸ்டிக்கையும் காற்றில்லாமல் சூடாக்கினால் வருவது ஹைட்ரோகார்பன் எண்ணெய், அது பெட்ரோலியத்தின் உறவு, எரியும். மரம் அப்படி இல்லை. மரத்தின் எடையில் 40 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன், வரும் எண்ணெயிலும் கிட்டத்தட்ட அதே அளவு ஆக்சிஜன். பயோ ஆயில் என்று சொல்லப்படும் அந்தத் திரவத்தில் 15 முதல் 30 சதவீதம் தண்ணீர், பிஎச் 2 முதல் 3, அதாவது நல்ல புளிப்பு அமிலம், வெப்ப அளவு கிலோவுக்கு 16 முதல் 19 மெகாஜூல், டீசலுக்கோ 42க்கு மேல். டீசலோடு கலக்காது, சும்மா வைத்திருந்தாலே நாளாக ஆகக் கெட்டியாகும், வாலையில் காய்ச்சிச் சுத்தம் செய்யலாம் என்று சூடேற்றினால் பாதி அடியிலேயே தங்கிக் கரியாகும். அதுவும் அந்த எண்ணெய் கணிசமாக வேண்டும் என்றால் மூட்டத்திலோ டிரம்மிலோ நடக்காது. மரத்தை 2, 3 மில்லிமீட்டர் தூளாக்கி, 500 டிகிரியில் கொதிக்கும் மணலில் போட்டு, எழும் ஆவியை 2 நொடிக்குள் குளிரவைத்தால்தான் விறகின் எடையில் 75 சதவீதம் வரை திரவமாகும். மெதுவாக வேகவைத்தால் அந்த ஆவி திரும்பத் திரும்ப உடைந்து கரியும் வாயுவும் ஆகிவிடும், திரவம் 30 சதவீதத்தைத் தாண்டுவது கடினம். வேகமான முறையில் ஆலைகள் கட்டியிருக்கிறார்கள்: நெதர்லாந்தின் ஹெங்கலோவில் எம்பிரோ 2015இல் தொடங்கியது, ஸ்வீடனில் கேவ்லே பக்கம் பைரோசெல் 2021இல் மரத்தூளில் எண்ணெய் எடுத்துப் பிரீம் சுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்ப ஆரம்பித்தது, அங்கே ஹைட்ரஜன் கொண்டு ஆக்சிஜனை நீக்கியபிறகுதான் அது எரிபொருள். இதே கனவோடு அமெரிக்காவின் மிசிசிப்பியில் பெரும் பணம் கொட்டிய கியோர் நிறுவனம் 2014இல் திவாலாகிவிட்டது. இவ்வளவு பெரிய முதலீட்டோடு இறங்கியவர்களே தடுமாறிய இடம் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

இதையெல்லாம் கேட்டால் மரத்தில் இருந்து ரசாயனம் என்பதே வீண் என்று தோன்றலாம். அப்படியில்லை. பெட்ரோலியத்தில் இருந்து எளிதாகச் செய்ய முடியாத மூலக்கூறுகள் சில இந்த ஆவியில் இருக்கின்றன, எதிர்காலம் அவற்றில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். செல்லுலோஸ் உடையும்போது லெவோகுளுக்கோசான் என்ற சர்க்கரை வகை வருகிறது, அமிலத்தின் உதவியோடு உடைத்தால் லெவோகுளுக்கோசினோன். அதில் இருந்து சிரீன் என்ற கரைப்பானைச் செய்கிறார்கள், மருந்து ஆலைகளில் புழங்கும் நச்சுக் கரைப்பான்கள் சிலவற்றுக்கு அது மாற்று. லிக்னினில் இருந்து வரும் ஃபீனால் பகுதியைப் பிளைவுட் பசையில் பெட்ரோலிய ஃபீனாலுக்குப் பதிலாக ஓரளவு சேர்க்கலாம், இது வேலை செய்கிறது என்பதில் ஐயமில்லை, எவ்வளவு சேர்த்தால் பிடிமானம் குறையும் என்பது ஆலைக்கு ஆலை மாறும். புகைச்சுவைத் திரவம் இன்னொன்று: இறைச்சி, சாஸ் தயாரிப்பவர்கள் தாரை நீக்கிய மரப்புகைத் தண்ணீரை 100 வருஷத்துக்கு மேலாக வாங்குகிறார்கள். ஆனால் 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் 8 புகைச்சுவைப் பொருள்களின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது, மரபணுவுக்குக் கேடு வருமோ என்ற ஐயத்தால். உணவுக்குப் போகும் சரக்கு என்றால் ஆய்வகம், அனுமதி எல்லாம் இல்லாமல் கால் வைக்கக் கூடாது என்பதற்கு இதுவே போதும். வெனிலினையும் இந்தப் பட்டியலில் சேர்த்து வீடியோ போடுகிறார்கள், மர வெனிலின் வருவது காகித ஆலைக் கழிவின் லிக்னினை ஆக்சிஜனேற்றம் செய்வதால், புகையில் இருந்து இல்லை.

உங்கள் அளவில் உண்மையாகவே பிடித்துப் பயன்படுத்தக்கூடிய திரவம் ஒன்றுதான், மர வினிகர். பிரிக்காமல், சுத்தமாக்க முயலாமல், அந்த அமிலத் தண்ணீரை அப்படியே தெளியவைத்து எடுப்பது. ஜப்பானில் கரி சுடுபவர்கள் நெடுங்காலமாகச் செய்கிறார்கள். புகைபோக்கி வாயில் ஒரு தெர்மாமீட்டர் வைத்து, வெளிவரும் புகை 80 டிகிரியில் இருந்து 150 டிகிரிக்குள் இருக்கும்போது மட்டும் பிடிக்க வேண்டும். அதற்கு முன்னால் வருவது பெரும்பாலும் வெறும் தண்ணீர், அதற்குப் பின்னால் தாரும் நச்சும் ஏறும். புகையை நீளமான சாய்வுக் குழாயில் விட்டாலே காற்றில் குளிர்ந்து சொட்டும். குழாய்க்குத் துத்தநாகம் பூசிய ஜிஐ பைப் போடாதீர்கள், அமிலம் துத்தநாகத்தைக் கரைத்துக்கொண்டு வரும், அது பயிருக்கு நல்லதில்லை, பைப்பும் சீக்கிரமே ஓட்டையாகும். 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்லது, விலை தாங்காவிட்டால் கணு உடைத்த மூங்கிலே போதும். பிளாஸ்டிக் டிரம்மில் நிழலில் குறைந்தது 3 மாதம் அசைக்காமல் வைத்தால் மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம், அடியில் கருந்தார், நடுவில் தேன்நிறத்துக்கும் செம்பழுப்புக்கும் இடைப்பட்ட தெளிவான திரவம் என்று மூன்றாகப் பிரியும். நடுவில் உள்ளதை மட்டும் குழாய் வைத்து எடுங்கள். பெயின்ட் அடித்த மரம், பிளைவுட், மருந்தேற்றிய கட்டை எதையும் அந்த மூட்டத்தில் போடக்கூடாது, சில வகை மருந்தேற்றிய கட்டையில் ஆர்சனிக்கே இருக்கும்.

இது என்ன செய்யும், என்ன செய்யாது? செறிவாக ஊற்றினால் களையைக் கருக்கும், அமிலம் என்பதால் இதில் ஆச்சரியமில்லை. பூஞ்சையையும் சில பூச்சிகளையும் தடுக்கும் என்பதற்கு ஆய்வகச் சோதனைகள் நிறைய உண்டு. 200 பங்கு, 500 பங்கு தண்ணீரில் கலந்து தெளித்தால் விளைச்சல் கூடும் என்று விற்பவர்கள் சொல்வது மட்டும் இன்னும் உறுதியாகாத செய்தி. சில வயல்களில் கூடியிருக்கிறது, சிலவற்றில் ஒரு வித்தியாசமும் இல்லை, மரம் மாறினால், பிடித்த சூடு மாறினால் சரக்கே மாறிவிடுகிறது, ஒரே பெயரில் விற்கும் இரண்டு பாட்டில்கள் ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே முதலில் உங்கள் தோட்டத்தில் ஒரு பாத்திக்குத் தெளித்துப் பக்கத்துப் பாத்தியைச் சும்மா விட்டுப் பாருங்கள், வேளாண் பல்கலைக்கழக ஆட்களிடம் காட்டுங்கள், அப்புறம் விற்பதைப் பற்றி யோசிக்கலாம்.

இனி என் தனிப்பட்ட கருத்து. புகையின் மதிப்பு அதில் இருக்கும் ரசாயனத்தைவிட அதில் இருக்கும் சூட்டில்தான் அதிகம். காய்ந்த விறகு 1 கிலோவில் சுமார் 18 மெகாஜூல், நல்ல கரி 1 கிலோவில் சுமார் 30. மண் மூட்டத்தில் உலர் விறகின் எடைக்கு 20 சதவீதம் கரி வருகிறது என்றால் விறகின் சூட்டில் மூன்றில் ஒரு பங்குதான் கையில் நிற்கிறது. புகையைத் திருப்பி அடுப்புக்குள் விட்டு, அந்த வாயுவையே எரித்து உலையைச் சூடாக்கும் மூடிய ரிடார்ட்டில் 30 சதவீதம் கரி கிடைக்கும், அதாவது சூட்டில் பாதி. அதே விறகுக்கு ஒன்றரை மடங்கு கரி. எந்த அமிலமும் எந்த எண்ணெயும் இந்த லாபத்தைத் தராது, இதற்கு வாங்க ஆள் தேட வேண்டியதும் இல்லை, நீங்கள் ஏற்கெனவே கரி விற்கும் இடத்திலேயே விற்கலாம். மூட்டத்தில் இருந்து இப்போது வெளியே போகும் புகையும் மீத்தேனும் கார்பன் மோனாக்சைடும் எரிந்துவிடுவதால் சுற்றியிருக்கும் வீடுகளில் இருமுபவர்களுக்கும், மூட்டம் பார்க்கும் ஆட்களின் நெஞ்சுக்கும் நிம்மதி. எனக்கு இது லாபக் கணக்குக்குச் சமமான காரணம், மூட்டத்தின் பக்கத்திலேயே நாள் முழுக்க நிற்கும் பெண்களின் கண்களைப் பார்த்தவர்கள் யாரும் இதை இரண்டாம்பட்சமாகச் சொல்ல மாட்டார்கள். இலங்கையில் ஹேகார்ப் குழுமம் சிரட்டைக் கரி சுடும் புகையை எரித்து மின்சாரமே எடுக்கிறது. அது பெரிய ஆலைக்குத்தான் கட்டும், ஆனால் புகையைச் சூடாகப் பார்க்கும் அந்த எண்ணம் சின்ன உலைக்கும் பொருந்தும். மிச்சச் சூட்டில் அடுத்த லோடு விறகை உலர்த்தினாலே வேகல் நேரம் கணிசமாகக் குறையும்.

ரிடார்ட்டிலும் ஆபத்து இருக்கிறது, சொல்லாமல் விடக்கூடாது. வாயு போகும் குழாய் தார் பிடித்து அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும், ஆகவே அழுத்தம் வந்தால் தானே தூக்கிக்கொள்ளும் ஒரு மூடி கட்டாயம். கூரைக்குக் கீழே, சுவர் அடைத்த கொட்டகைக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை வாசனையும் இல்லை. கரி முழுக்க ஆறும் முன் திறந்தால் காற்றுப் பட்டதும் தானே பற்றிக்கொள்ளும், குவித்து வைத்த புதுக்கரி இரவில் தீப்பிடிப்பதும் இதனால்தான், ஒரு நாளாவது பரப்பிப் போட்டுப் பிறகு மூட்டை பிடியுங்கள்.

மேற்கொண்டு அளவு சொல்ல வேண்டும் என்றால் எனக்கு மூன்று விவரம் வேண்டும். ஒரு மூட்டத்துக்கு எத்தனை டன் விறகு அடுக்குகிறீர்கள், அதில் எத்தனை கிலோ கரி எடைக்கு வருகிறது, வெட்டியபிறகு எத்தனை நாள் காயவிடுகிறீர்கள். மூட்டையை எண்ணாமல் ஒரே ஒரு மூட்டத்துக்காவது விறகையும் கரியையும் எடைமேடையில் போட்டுப் பார்த்து எழுதுங்கள். அதை வைத்து எவ்வளவு பெரிய ரிடார்ட் கட்டலாம், அந்தக் கூடுதல் கரியில் செலவு எத்தனை மூட்டத்தில் திரும்பும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.